பரியேறும் பெருமாளைக் குதிரையிலிருந்து இறக்கியது யார்?

'பரியேறும் பெருமாள்' இந்திக்குப் போனபோது அதன் பெயர் 'தடக் 2' ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான அந்தப் படத்தைப் பார்த்த நம் மாணவர்கள் சிலர், இரண்டும் ஒரே கதையா என்று கேட்கிறார்கள். மூலக்கதை ஒன்றுதான். சட்டக் கல்லூரிக்கு வரும் ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞன், உடன் படிக்கும் ஆதிக்கச் சாதிப் பெண், அவள் வீட்டாரின் வன்மம். ஆனால் பெயரில் பழைய படத்தின் சுவடே இல்லை.

மாரி செல்வராஜ் 2018-இல் வைத்த பெயரைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்ப்போம். பரி என்றால் குதிரை. குதிரை ஏறி வருகிற பெருமாள். தென்மாவட்டத்து ஊர்ச் சாமியின் சாயல் உள்ள பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று படிப்பும் வருகிறது. குதிரையில் அமர்வதும் சட்டம் படிப்பதும் நம் மக்களுக்குக் காலங்காலமாக மறுக்கப்பட்டவை. இரண்டையும் ஒரே வரியில் எழுதிச் சுவரொட்டியில் ஒட்டியதுதான் அந்தத் தலைப்பின் துணிச்சல். 'தடக்' என்றால் இதயத் துடிப்பு. காதல் படம் எதற்கும் வைக்கலாம்.

வேற்று மொழிக்காரர்களுக்குப் புரியாது, அதனால் மாற்றினோம் என்பதுதான் சினிமா வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் காரணம். இந்த இடத்தில் அது எடுபடாது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் போனதற்காக அடித்து இறக்கப்பட்ட செய்திகள் எத்தனை முறை வந்திருக்கின்றன! போலீஸ் காவலோடு குதிரை ஏறிய மாப்பிள்ளைகளும் உண்டு. குதிரை ஏறுதல் என்றால் என்னவென்று நம்மைவிட வடக்கே இருப்பவர்களுக்கே நன்றாகப் புரியும். புரிந்துவிடும் என்பதுதான் சங்கடமோ என்னவோ.

அந்த '2' எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படம் 'சைராட்' 2016-இல் வந்தது. அதை 2018-இல் இந்தியில் 'தடக்' என்று எடுத்தார்கள். மூலப்படத்தில் முகத்தில் அறைந்த சாதி, அதில் பணக்கார வீடு, ஏழை வீடு என்று மங்கிப்போனது. அப்படி மங்கிய படத்தின் பெயரை ஒரு வணிக முத்திரையாக்கி, எண் போட்டு, நெல்லைச் சீமைக் கதைமேல் குத்திவிட்டார்கள். மராத்தியும் தமிழும் தந்த இரண்டு கதைகள், வரிசை எண்களாகிவிட்டன.

பெயர் மாறினால் கதையின் மையமும் நகர்ந்துவிடுகிறது. பூமணியின் 'வெக்கை' நாவல் 1982-இல் வந்தது. கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையனின் மனப்புழுக்கம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 2019-இல் வெற்றிமாறன் அதைப் படமாக்கியபோது 'அசுரன்' ஆயிற்று. கனம் பையனிடமிருந்து அப்பனுக்குப் போனது. ஆனாலும் யார் யாரை அசுரன் என்று அழைத்தார்கள் என்ற பழைய கேள்வி அந்தப் பெயருக்குள் இருந்தது. 2021-இல் தெலுங்கில் 'நாரப்பா' ஆனபோது அந்தக் கேள்வியும் போய், ஓர் ஆளின் பெயர் மட்டும் மிஞ்சியது. அசுரன் என்ற சொல் தெலுங்கருக்குத் தெரியாத சொல்லா என்ன?

எல்லா மாற்றத்திலும் சாதியைத் தேட வேண்டியதில்லை. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-இல் தமிழக அரசு அறிவித்ததும் 'ஜில்லுனு ஒரு காதல்' 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. 'எம்டன் மகன்' 'எம் மகன்' ஆனது. கண்டிப்பான ஆளை எம்டன் என்று நம் ஊர்க் கிழவிகள்கூடச் சொல்வார்கள். அந்தச் சொல்லை வரி விரட்டிவிட்டது. காசுக்காக நடந்த எழுத்துத் திருத்தம், அவ்வளவே.

எதிர்ப்பால் மாறிய பெயர்கள் வேறு வகை. 'பத்மாவதி' படத்துக்கு எதிராக ராஜபுத்திர அமைப்புகள் திரண்டன. படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநர் தாக்கப்பட்டார். 2018 ஜனவரியில் இறுதி இகரம் போய் 'பத்மாவத்' என்று படம் வந்தது. 2009-இல் 'பில்லு பார்பர்' என்ற இந்திப் படப் பெயருக்கு முடிதிருத்தும் தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அது வெறும் 'பில்லு' ஆனது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று அரச வம்சப் பெருமைக்காக நடந்தது. மற்றது, தங்கள் தொழிலின் பெயரையே வசையாகக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களின் முறையீடு.

நம் பக்கத்திலிருந்து எழுந்த எதிர்ப்பும் உண்டு. கமல்ஹாசன் 'சண்டியர்' என்று படம் அறிவித்தபோது, அது சாதிச் சண்டித்தனத்தைப் போற்றும் என்று டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். 2004 பொங்கலுக்கு அது 'விருமாண்டி'யாக வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2014-இல், 'சண்டியர்' என்ற பெயரிலேயே இன்னொரு படம் வந்துபோனது. பெயரை மாற்றித் தருவது சினிமாக்காரருக்கு மிக மலிவான சமரசம். திரைக்குள் அரிவாளும் மீசையும் அப்படியே இருந்தன.

'தடக் 2' படத்திலேயே தணிக்கை வாரியம் 16 இடங்களில் மாற்றம் கேட்டது. சாதியைச் சொல்லும் சொற்களும் அவற்றில் அடங்கும். முகப்பில் பெயர் போனது, உள்ளே சொல் போனது. இதற்கு முந்தைய ஆண்டுதான் பா.ரஞ்சித்தின் 'தங்கலான்' தெலுங்குக்கும் இந்திக்கும் அதே பெயரோடு போயிற்று. அந்தச் சொல்லுக்கு அங்கே யாரும் அகராதி தேடிக் கொடுக்கவில்லை. தெரியாதவர்கள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டார்கள்.