உலையடிப் பாடம்

மனிதவள மேம்பாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருகிறார்கள். கையில் வினாத்தாள் கட்டு. ‘பயிற்சி பயனுள்ளதாக இருந்தது’ என்ற வரிக்கு எதிரே ஐந்து கட்டம். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஹெச்.ஆர். அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனால் நிரப்பி வைத்திருப்பார்கள். யார் நிரப்பியது என்று கேட்பாரில்லை. இந்தத் துறையை நேசிப்பவன் என்பதால் எனக்கு இது பொறுக்கவில்லை.

அங்குள்ள உருக்காலைகளில் இண்டக்‌ஷன் ஃபர்னஸில் பழைய இரும்பைப் போட்டு உருக்குகிறார்கள். சூடு 1,600 டிகிரியை ஒட்டி இருக்கும். ஈர ஸ்கிராப் உள்ளே போனாலோ, இரு முனையும் அடைபட்ட குழாயோ பழைய ஷாக் அப்சார்பரோ விழுந்தாலோ, சிக்கியிருக்கும் நீரும் காற்றும் நொடியில் விரிந்து வெடிக்கும். உருகிய இரும்பு மேடையில் நிற்பவர்கள் மேல் தெறிக்கும். ஆக, ஸ்கிராப் பொறுக்குவதுதான் அந்த ஆலையில் உயிர் காக்கும் வேலை. அதைச் செய்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் காண்ட்ராக்டில் வந்தவர்கள். சேர்ந்த அன்று நடக்கும் பாதுகாப்பு வகுப்பு தமிழில் இருந்தால், அவர்கள் பங்குக்குக் கையெழுத்து மட்டுமே மிஞ்சும்.

நிஜப் பாடம் குவியலருகே நடக்கிறது. ஒடிசாக்காரர் ஒருவர் புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு ஆலையில் பார்த்தேன். குழாயைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், மறுபக்கம் தெரியவில்லை. தனியே எறிந்தார். அடுத்ததைப் பையனிடம் நீட்டினார். அவன் ஒரு முனையை மட்டும் பார்த்துவிட்டு உலைக்கான குவியலில் போட்டான். அவர் பேசாமல் அதை எடுத்து வந்து மறுபடி அவன் கையிலேயே வைத்தார்.

பயிற்சியை நான்கு படிகளில் அளக்கலாம் என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதினார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா. டிக் அடித்த தாள் முதல் படியைத் தாண்டாது. மூன்றாம் படி தெரியவேண்டுமானால், அந்தப் பையன் அடுத்த மாதம் நைட் ஷிஃப்டில், சூப்பர்வைசர் அவசரப்படுத்தும்போது, குழாயை என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். இப்படி நேரில் போய் அறிவது இந்தத் துறைக்குப் புதிதல்ல. 1970-களின் நடுவில் எல் அண்ட் டி நிறுவனத்தின் பணி மதிப்பீட்டு முறையை ஆராயப் போன அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் உதய் பரீக்கும் டி.வி. ராவும், உள்ளே இருப்பவர்களிடம் பேசிப் பார்த்துத்தான் மனிதவள மேம்பாட்டுக்குத் தனித் துறை வேண்டும் என்றார்கள். இந்தியாவில் இந்தப் படிப்பு வேர்விட்டது அப்படித்தான்.

வழிகாட்டிப் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காண்ட்ராக்ட் தொழிலாளரை ‘நிரந்தர ஊழியர் இல்லை’ என்று ஆய்விலிருந்து கழித்துவிடாதீர்கள். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவரை மாணவரோடு அனுப்புங்கள். குவியலருகே நின்று கற்றுக்கொடுக்கும் மூத்தவர்களையும் ஆய்வேட்டில் பயிற்சியாளர்கள் என்றே கணக்கில் சேருங்கள்.