மாப்பிள்ளைக் குதிரையும் என் பிரம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் தூங்கியவர்களும் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் இங்கே சேலையூர் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. என்னிடம் படித்தவனின் மகனுக்குத்தான் கல்யாணம். வடக்கத்திக் கல்யாணங்களைப் பார்த்து நம் பக்கமும் இப்போது குதிரை வந்துவிட்டது. வெள்ளைக் குதிரை, ஜரிகைத் துணி, தலையில் குஞ்சம். முன்னால் பேண்டு, நடுரோட்டில் ஆயிரம் வாலா. வெடி ஆரம்பித்ததும் குதிரை மிரண்டு பின்வாங்கியது. பிடித்திருந்த பையன் கடிவாளத்தை வெடுக்கென்று இழுத்தான். வாயோரம் நுரையோடு ரத்தம். கிட்டே போய்ப் பார்த்தேன். வாய்க்குள் போகிற கம்பியில் முள்!

சொன்னேன். என் மாணவன் சிரித்துக்கொண்டே, "சார், நீங்க எங்களை அடிச்சுத்தானே ஆளாக்குனீங்க? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் சார்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தூக்கமில்லை. அப்போது சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்.

முதலில் சட்டம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் கீழ் 1965இல் வந்த விதிகள், ஓட்டுவதற்கோ சவாரிக்கோ முள் வைத்த கடிவாளத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அறுபது வருடமாகக் குற்றமாக இருக்கும் ஒன்றுக்கு நாம் முன்பணம் கொடுத்துப் பந்தல்காரர் மூலமாக ஏற்பாடு செய்கிறோம்.

"குதிரைக்குத் தோல் தடிப்பு, வலிக்காது" என்பார்கள். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தை மட்டும் சிலிர்த்து உதறுகிற மிருகம் அது. ஈயின் கால் தெரிகிற தோலுக்குச் சாட்டை தெரியாதா? கடிவாளக் கம்பி உட்காருவது முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடத்தில். அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறுதான் இருக்கிறது. குதிரை கத்துவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அது புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக இருந்த இனம். வலியைக் காட்டிக்கொள்கிற குதிரையைத்தான் புலி முதலில் பிடிக்கும். அதனால் அடக்கிக்கொண்டு நிற்கும். நாம் அதைப் பழகிய குதிரை என்கிறோம்.

சரி, பிறகு எப்படிப் பழக்குவது? குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் விலகும் நொடியில்தான். லேசாக வாரை இழுக்கிறோம். அது நின்றதும் உடனே தளர்த்துகிறோம். அந்தத் தளர்வுதான் அதற்குக் கிடைக்கிற 'சபாஷ்'. நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால் அது என்னத்தைக் கற்கும்?

என் சிறு வயதில் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் நிற்கும். நாங்கள் வழக்கமாக ஏறும் வண்டிக்காரர் சாட்டைக் குச்சியைச் சக்கரத்தின் ஆரக்காலில் விடுவார். கடகடவென்று சத்தம் வரும், குதிரை வேகமெடுக்கும். அதன் முதுகில் அந்தக் குச்சி பட்டு நான் பார்த்ததில்லை. கொள்ளுக் கொடுக்கும்போது அதனிடம் வீட்டுக் கதையெல்லாம் பேசுவார். ஜட்கா பயணம் என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் குரல்தான்.

எல்லாரும் அப்படி இருந்ததில்லை என்பதும் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வாங்கி வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாததால் கொத்துக்கொத்தாகச் செத்ததை எழுதி வைத்திருக்கிறார். ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற நமக்கு உயிருள்ள குதிரையைப் பார்க்கத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர்களும் ஒழுங்கில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், ஓட மறுத்த குதிரையை ஒரு ஜெர்மன் பயிற்சியாளர் முஷ்டியால் குத்தியதை உலகமே பார்த்தது. அவரை விலக்கினார்கள். 2024 பாரிஸோடு நவீன பென்டத்லான் போட்டியிலிருந்து குதிரையேற்றத்தையே எடுத்துவிட்டார்கள்.

இப்போது பிரம்புக்கு வருகிறேன். ஆமாம், அடித்தேன். முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தினேன், அதில் பாதிக்கு மேல் மேசை மீது பிரம்பு இருந்தது. எட்டாம் வகுப்பில் ஓயாமல் கேள்வி கேட்கிற பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் எரிச்சலில் உள்ளங்கையில் நாலு வைத்தேன். அதன் பிறகு அவன் கேள்வியே கேட்கவில்லை. "திருந்திட்டான்" என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொன்னேன். 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து 17ஆம் பிரிவு அடியைத் தடை செய்தபோதுகூட முணுமுணுத்தவன் நான். அந்தப் பையனின் மௌனத்தையும் மண்டப வாசலில் நின்ற குதிரையின் மௌனத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இவ்வளவு வயதாக வேண்டியிருந்தது. நீங்கள் ஆளானது உங்கள் உழைப்பால். என் அடியைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் அப்பா.

குதிரைக்காரர் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அந்தப் பையனைத் திட்டி என்ன பயன்? வெடியையும் கூட்டத்தையும் குதிரையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது காசு கொடுத்த நாம்தான். 2015இல் மும்பை உயர்நீதிமன்றம் விக்டோரியா வண்டிகளை நிறுத்தச் சொன்னபோது, ஓட்டுநர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்யவும் அரசுக்குச் சொன்னது. அந்த வழி இங்கேயும் வரலாம். அதுவரை மெரினாவில் பேரனைக் குதிரை ஏற்றுகிறவர்கள், முதலில் அதன் வாயையும் சேணத்தின் அடியிலும் பாருங்கள். புண் இருந்தால் ஏற்றாதீர்கள், ஏன் ஏற்றவில்லை என்று அவரிடமே தன்மையாகச் சொல்லுங்கள்.

தை மாதம் நம் சொந்தத்தில் இரண்டு கல்யாணம் இருக்கிறது. ஊர்வலத்தில் குதிரை உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் நேரே மண்டபத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்கிறேன்.