பளபளக்கிற நைட்டுக்கு மட்டும்தானா தூரிகை?

28 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒரு பிளாஸ்டிக் வீரனுக்காக மூன்று இரவு கண் முழிப்பவன் நான். அதனால் 'இது சின்னப்பிள்ளை விளையாட்டு' என்பவர்களோடு இன்றைக்கு எனக்குச் சண்டை இல்லை. சண்டை, என்னோடு தூரிகை பிடிக்கிற நண்பர்களோடுதான்.

கண்டியில் உட்கார்ந்துகொண்டு ஏன் எல்லாரும் ஐரோப்பிய நைட்டுகளையே பெயின்ட் பண்றோம்? 'அவங்கதான் மச்சான் பார்க்க அழகு' என்பாங்க.

அழகுதான். கவசத்துக்கு வெள்ளி நிறம், மேலே கறுப்பு வாஷ், மேலங்கியில் சிங்கம். ஆனால் அந்தச் சிங்கம் ஒரு பிரபு குடும்பத்தின் முத்திரை. 1415இல் அஜின்கோர் சேற்றில் அந்தக் கவசக்காரர்களை மடக்கியது பெரும்பாலும் சாதாரண வில்லாளிகள். எங்கட மேசையில் அந்த வில்லாளிக்கு என்ன கிடைக்குது? கடைசியில் ஐந்து நிமிஷம், கொஞ்சம் மண்ணிறம்.

சரி, பக்கத்துக்கே வருவோம். பேராதனைப் பூங்காவிலிருந்து மகாவலியைத் தாண்டினால் கன்னொறுவை. 1638 மார்ச் 28இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை, தியோகோ த மெலோ த காஸ்ட்ரோ கொண்டுவந்த போர்த்துக்கேயப் படையை அங்கேதான் அழித்தது. அந்தத் தளபதியும் செத்தான்.

இந்தப் போரைப் பெயின்ட் பண்ணிப் பாருங்க. முதல் கேள்வியே இடிக்கும்: எதிரிக்கு என்ன நிறம்? போர்த்துக்கேயப் படையில் ஐரோப்பியர் சில நூறு பேர்தான். ஆயிரக்கணக்கில் நின்றவர்கள் லஸ்கரின்கள். பெரும்பாலும் இந்தத் தீவிலேயே திரட்டப்பட்டவர்கள். எதிரே அரசனுக்காக நின்றவர்களில் பலர், நிலத்துக்காக இராஜகாரியம் செய்த கிராமத்து ஆட்கள். 'நாம்', 'அவர்கள்' என்று இரண்டே நிறத்தில் நாம் படித்த போர், தூரிகையை எடுத்ததும் ஒரே தோல் நிறத்தில் வந்து நிற்குது. இந்த நாட்டில் வாழ்கிற எங்களுக்கு இதைவிடத் தேவையான பாடம் எது?

'பார்த்து வரைய மாதிரி எங்கே?' என்று கேட்காதீங்க. எம்பக்கே தேவாலயத்து மரத்தூண்களில் மல்லர்களும் குதிரைவீரனும் இருக்காங்க. அந்தக் காலத்தவை இல்லைதான், ஆனாலும் நிறத்துக்குத் தெகல்தொருவை விகாரைச் சுவர்கள் இருக்கு. பெட்டியில் விற்காத உருவத்தை, மிஞ்சிய உடல்களை வெட்டி ஒட்டிச் செய்யலாம்.

நைட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நம்ம ராஜாவை அங்கே வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அதே பளபளப்புத்தான். அடுத்த மூன்று இரவைப் பெயர் தெரியாத ஒரு லஸ்கரினுக்குக் கொடுங்க. அவன் முகத்துக்கு நிறம் கலக்கும்போது தெரியும், யாரை இவ்வளவு நாளும் ஐந்து நிமிஷத்தில் முடித்தோம் என்று.