அலகுப்பனையும் வேண்டும்!

உடன்குடி கருப்பட்டிக்குப் பேர் போன தூத்துக்குடி மாவட்டத்தில், பனையிலும் ஆண், பெண் உண்டு. ஆண் மரம் அலகுப்பனை. பெண் மரம் பருவப்பனை. நுங்கு காய்ப்பது பருவப்பனையில்தான்.

எதற்கு இந்தப் பிரிவு? தன் மகரந்தம் தனக்கே சேர்ந்தால் அடுத்த தலைமுறை நோஞ்சானாகலாம். ஆப்பிள் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். ஆனாலும் சொந்த மகரந்தம் முளைத்து இறங்கினால், சூலகத் தண்டிலுள்ள ஒரு புரதம் அதன் ஆர்.என்.ஏ.வை வெட்டி வளர்ச்சியை நிறுத்திவிடும். அதனால்தான் ஆப்பிள் தோட்டத்தில் ரகங்களைக் கலந்து நடுகிறார்கள். பனைக்கு அந்தக் காவல் தேவையில்லை. மரமே வேறு வேறு.

'காய்க்காத மரம்தானே' என்று அலகுப்பனையை எல்லாம் வெட்டிவிட்டால், பருவப்பனைக்கு மகரந்தம் எங்கிருந்து வரும்? முளைக்கும் பனங்கொட்டை எப்படிக் கிடைக்கும்? பதநீரோ இரண்டிலுமே இறக்கலாம்.

பனை பூக்கப் பத்தாண்டுக்கு மேலாகும். அதுவரை எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது. எனவே பனங்கொட்டை ஊன்றுபவர்கள் ஒன்றிரண்டோடு நிறுத்தாமல், கூட்டமாக ஊன்றுங்கள். இரண்டும் கலந்து வரும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்ததும் நினைவிருக்கட்டும்!