பாசல்ல மளிகை: ஜெர்மனிக்கு ஓடுறதைக் கொஞ்சம் நிறுத்துங்க சாமிகளா!

பாசலுக்குப் புதுசா வந்து இறங்குற நம்ம ஊர்க் குடும்பத்துக்கு முதல் வாரத்துலயே மூணு உபதேசம் கிடைச்சுடும். ஞாயித்துக்கிழமை துணி துவைக்காதே. ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்ஸி போடாதே. மளிகை வாங்க ஜெர்மனிக்குப் போ. முதல் ரெண்டோட எனக்கு ஒரு சண்டையும் இல்லை. மூணாவதைத்தான் இன்னைக்குக் கையில எடுத்திருக்கேன்.

ஊர் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பாசல் இருக்கறது மூணு நாடு முட்டிக்கிற மூலை. எட்டாம் நம்பர் டிராம் 2014 டிசம்பர்ல இருந்து எல்லை தாண்டி வைல் அம் ரைன் வரைக்கும் போகுது. அது ஜெர்மனி. டிராம் வந்த அடுத்த மாசம், 2015 ஜனவரி 15 அன்னைக்கு, 'ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழ போகாது'ன்னு பிடிச்சு வெச்சிருந்த கயித்தை சுவிஸ் தேசிய வங்கி விட்டுடுச்சு. பிராங்க் ஒரே நாள்ல எகிறிச்சு. பிராங்க்ல சம்பளம், யூரோல சாமான். கேக்கணுமா? அன்னைலேர்ந்து சனிக்கிழமை அந்த டிராம்ல திரும்பி வர்றப்ப உக்கார இடம் கிடைச்சா அது முன்னோர் செஞ்ச புண்ணியம். டிராலி, முதுகுப் பை, அதுக்கு மேல டயப்பர் பொட்டி, அதுக்கு மேல குழந்தை.

விலை குறைவுதான். இல்லைன்னு சொல்ல நான் என்ன முட்டாளா? சுவிஸ்ல கறி விலை ஐரோப்பிய ஒன்றியச் சராசரியை விட ரெண்டு மடங்குக்கும் மேல. வெளிநாட்டுக் கறி மேல இவங்க போடற இறக்குமதி வரி அப்படி. என் கேள்வி வேற. நீங்க என்ன வாங்கறீங்க, அதுல உங்களுக்கு நிஜமா என்ன மிச்சம்?

கறியையே எடுத்துக்குவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோதான் வரியில்லாம கொண்டு வரலாம். அதுக்கு மேல போனா கிலோவுக்கு 17 பிராங்க் தீர்வை. இது தெரியாம மூணு கிலோ கோழியும் ரெண்டு கிலோ ஆடும் தனி ஆளா தூக்கிட்டு வந்து மாட்டினவங்க கதை ஊர்ல நிறைய உண்டு. மாட்டினவங்க வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த வரித் திரும்பப்பெறும் சீட்டு. அடடா, அதுக்கு நம்மாளுங்க கொடுக்கிற மரியாதை! ஜெர்மனியில சாப்பாட்டுச் சாமானுக்கு வரி 7 சதவீதம். 100 யூரோவுக்கு வாங்கினா, விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கற வரி ஆறரை யூரோ. அதுக்குக் கடையில சீட்டு வாங்கி, பேரு விலாசம் எழுதி, எல்லைல வரிசைல நின்னு முத்திரை வாங்கி, அடுத்த தடவை போறப்ப அதே கடையில காட்டிக் காசு வாங்கணும். அதாவது ஆறரை யூரோவை வாங்கறதுக்காகவே இன்னொரு தடவை போகணும். போனா மறுபடி வாங்காம வருவோமா? 2020லேர்ந்து பில்லு 50 யூரோவைத் தாண்டினாத்தான் இந்தச் சலுகையே. 47 யூரோ ஆகியிருந்தா, தாண்ட வைக்கறதுக்குன்னு நாலு சாக்லேட். சுவிஸ்ல குடியிருந்துகிட்டு ஜெர்மனியில சாக்லேட் வாங்கற கூட்டம் நம்ம கூட்டம்தான்.

அதோட முடியலை. இந்தப் பக்கம் சுவிஸ்காரன் 2024 முடியற வரைக்கும் தலைக்கு 300 பிராங்க் வரை கண்டுக்காம விட்டான். 2025 ஜனவரியிலேர்ந்து 150தான். தாண்டினா மொத்தத் தொகைக்கும் இங்கத்து வரி. சாப்பாட்டுச் சாமானுக்கு அது 2.6 சதவீதம், மத்ததுக்கு 8.1. பெரிய தொகை இல்லை, ஆனா ஒழுங்கா அறிவிச்சுக் கட்டணும். அதுக்குப் பயந்து பில்லை ரெண்டா உடைச்சு, வீட்டுக்காரரை ஒரு பெட்டியிலயும் தன்னை இன்னொரு பெட்டியிலயும் உக்கார வெச்சுகிட்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். சட்டப்படி அதுக்குத் தேவையே இல்லை, தலைக்கு 150ங்கறது சேர்ந்து உக்காந்தாலும் தலைக்கு 150தான்!

ஷாம்பு, பற்பசை, டயப்பர், சலவைத் தூள், இதுக்கெல்லாம் போங்க. அங்க இதுக்கு 19 சதவீத வரி, 100 யூரோவுக்குக் கிட்டத்தட்ட 16 யூரோ திரும்ப வரும், அடிப்படை விலையும் இங்கத்தை விட நல்லாவே குறைவு. ஆறு வாரத்துக்கு ஒருக்கா போனாப் போதும். ஷாம்பு ஊசிப் போகாது. எங்க வீட்ல ரங்கமணி அப்படித்தான் போறார், தனியா, புதன்கிழமை சாயந்திரம். கூட்டமும் கிடையாது. ஒரே சம்பளத்துல மூணு பிள்ளைகளை வளர்க்கறவங்க, படிக்க வந்த பசங்க, இவங்க வாராவாரம் போனாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் சொல்றது பார்மா கம்பெனியிலயும் வங்கியிலயும் பொட்டி தட்டிகிட்டு, மாசச் சம்பளத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படற நம்மளை மாதிரி ஆளுங்களை.

நம்ம வியாதி, பிராங்கை ரூபாயாப் பெருக்கறது. 2005ல ஒரு பிராங்க் 35, 36 ரூபாய். இன்னைக்கு நூறைத் தாண்டிடுச்சு. கொத்தமல்லிக் கட்டு ரெண்டரை பிராங்க்னா, "ஐயோ, இருநூத்தம்பது ரூபாய்க்குக் கொத்தமல்லியா!" சம்பளத்தையும் அதே மாதிரி பெருக்குங்களேன்? அது மட்டும் பெருக்க வராது. இந்த வியாதியில முதல்ல அடிபடறது வேலைக்குப் போகாம வீட்ல இருக்கற பொண்ணுங்க. ஜெர்மன் தெரியாது, தனக்குன்னு கணக்கு கிடையாது, கையில வாரத்துக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கொடுத்த காசு. ஜூன் மாசம், பக்கத்துத் தோட்டத்து ஸ்ட்ராபெர்ரி கடை வாசல்ல குவிஞ்சு கிடக்கு, குழந்தை கேக்குது, அம்மா "சனிக்கிழமை ஜெர்மனியில வாங்கலாம்"னு இழுத்துட்டுப் போறா. இதை நான் ஒருக்கா இல்லை, பல தடவை பார்த்திருக்கேன். எனக்கு ஆத்திரம் வர்ற இடம் இதுதான்.

சுவிஸ்ல ஒரு சராசரிக் குடும்பம் மொத்த வருமானத்துல சாப்பாட்டுச் சாமானுக்குச் செலவழிக்கறது 6, 7 சதவீதம்தான். வாடகையும் மருத்துவக் காப்பீடும்தான் உயிரை எடுக்குது. அடிப்படைக் காப்பீட்டுல எந்தக் கம்பெனிகிட்ட போனாலும் கிடைக்கற சிகிச்சை சட்டப்படி ஒண்ணேதான், கட்டற தொகை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேற. நவம்பர் 30க்குள்ள கடிதம் அவங்க கைக்குப் போய்ச் சேர்ற மாதிரி அனுப்பி, குறைஞ்ச கம்பெனிக்கு மாறினா மிச்சமாகறது பல மாசத்து டிராம் யாத்திரையை விட ஜாஸ்தி. அதைச் செய்யச் சொன்னா, "படிவம் ஜெர்மன்ல இருக்கே"ன்னு சொல்றாங்க. வரிச் சீட்டு மட்டும் என்ன தமிழ்லயா இருக்கு?

சரி, இங்கயே எங்க வாங்கறது? மிக்ரோஸ்ல எம்-பட்ஜெட்னு பச்சை உறை போட்டது 1996லேர்ந்து இருக்கு. கோப்ல அதே மாதிரி பிரி கரண்டி. பால், தயிர், மாவு, சர்க்கரை, வெண்ணெய்க்கு இது தாராளமாப் போதும், ஜெர்மன் விலையோட வித்தியாசம் சில்லறைதான். அந்த உறையைக் கையில வெச்சிருந்தா ஏழைன்னு நினைப்பாங்களோன்னு ஒரு அக்கா கேட்டாங்க. அக்கா, சுவிஸ்காரனே அதைத்தான் அள்ளிட்டுப் போறான். அல்டி 2005லயும் லிடில் 2009லயும் சுவிஸ்க்குள்ளயே வந்தாச்சு, அதே கடைக்கு எதுக்கு எல்லை தாண்டணும்? சாயந்திரம் கடை மூடற நேரத்துல 25, 50 சதவீதம் ஒட்டின ஸ்டிக்கர் ரொட்டி, காய், கறி எல்லாத்துலயும் இருக்கும். விலை அட்டையில கீழ பொடி எழுத்துல 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருப்பாங்க, பெரிய எழுத்தை விட்டுட்டு அதைப் பாருங்க. காய் வாங்கறப்ப பருவம் பாருங்க. ஜனவரியில தக்காளி தேடாதீங்க, முட்டைக்கோஸும் கேரட்டும் வாங்குங்க. கொத்தமல்லி, புதினா, கொண்டைக்கடலை, கத்தரிக்காய்க்கு துருக்கிக் கடை. அங்க கட்டு நிஜமாவே கட்டு மாதிரி இருக்கும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். கிளைன்பாசல் பக்கம் இருக்கற நம்ம தமிழ்க் கடைங்க.

1983க்கு அப்புறம் யாழ்ப்பாணத்துலேர்ந்தும் சுத்து வட்டாரத்துலேர்ந்தும் உயிரைக் கையில பிடிச்சுகிட்டு வந்தவங்க, ஓட்டல் அடுக்களையில பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, வருஷக்கணக்கா அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்து, அதுக்கப்புறம் கட்டின கடைங்க. இன்னைக்கு இந்த நாட்டுல ஐம்பதாயிரம் பேர் அளவுக்கு இருக்காங்க. அவங்க இல்லைன்னா பாசல்ல முருங்கைக்காய் ஏது, பொன்னி அரிசி ஏது, உளுந்து ஏது? நாம வர்றப்ப கம்பெனி டிக்கெட் போட்டு, வீடு பார்த்துக் கொடுத்து கூட்டிட்டு வந்தது. வந்து இறங்கினா கடை தயாரா இருந்துச்சு. அந்தக் கடைக்கு நம்மாளுங்க வெச்சிருக்கற பேரு என்ன தெரியுமா? "எமர்ஜென்சி கடை." கறிவேப்பிலை தீர்ந்தா மட்டும் போறது. ஒரு கட்டு வாங்கறது. "விலை ஜாஸ்தி"ன்னு முனகறது. வெளிய வந்து அவங்க பேசற தமிழைப் பேசிக் காட்டிச் சிரிக்கறது.

என் கண்ணு முன்னாலயே ஒரு அம்மணி கேட்டாங்க, "இதே துவரம்பருப்பு சென்னையில எவ்வளவு தெரியுமா?"

கடைக்கார அண்ணன் நிதானமாச் சொன்னார். "தெரியும் தங்கச்சி. நானும் ரெண்டு வருசம் வளசரவாக்கத்திலை இருந்தனான். அங்கை கடை வாடகையும் சென்னை வாடகைதானே."

அம்மணி பேசலை. நான் கைதட்டாத குறை.

சின்னப் பாக்கெட்டா வாங்கினா எங்கயும் விலை அதிகம்தான். அஞ்சு கிலோ பருப்பு, பத்து கிலோ அரிசின்னு ரெண்டு வீடு சேர்ந்து வாங்கிப் பிரிச்சுக்கோங்க, அப்புறம் கிலோ கணக்கு போட்டுப் பாருங்க. ஜெர்மன் சூப்பர் மார்க்கெட்டுல அரை கிலோ மைசூர்ப் பருப்புப் பாக்கெட் இருக்கும், அது மேல ஒரு இலைப் படம் வேற. அதை வெச்சு சாம்பார் வெச்சு, அது சாம்பார் மாதிரி இல்லைன்னு வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

"ஊர்லேர்ந்தே கொண்டு வந்துடுவோம்"னு ஒரு கோஷ்டி. நெய், பால்கோவா, கருவாட்டோட ஆட்டுக்கறி ஊறுகாய் வரைக்கும் பெட்டியில அமுக்கறாங்க. கறி, பால் சம்பந்தப்பட்ட எதையும் இந்தியாவுலேர்ந்து இங்க கொண்டு வரக்கூடாது. 2020லேர்ந்து பச்சைக் காய், பழம், இலைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேணும், வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் அஞ்சுக்கும் மட்டும் விலக்கு. அதனால ஈரத் துணியில சுத்தி வர்ற கறிவேப்பிலையும் தப்புதான். அது சட்டப்படி, முறைப்படி காகிதத்தோட வந்து இறங்கற இடம் அந்த எமர்ஜென்சி கடைதான். கட்டு விலையில அந்தக் காகிதச் செலவும் விமானச் செலவும் இருக்கு.

கடைக்காரர் மகள் பாசல் ஜெர்மன் சரளமாப் பேசற பொண்ணு, வங்கியில வேலை. மகன் எலக்ட்ரீஷியன். "ரெண்டு பேரும் கடைக்கு வரமாட்டினம், நான் ஏலாமல் போனால் பூட்டுறதுதான்"னு அவர் சாதாரணமாச் சொல்றார். அன்னைக்கு நாம எல்லாரும் உச்சுக் கொட்டுவோம். என் பையன் பள்ளிக்கூடத்துல ஜெர்மன், எங்ககிட்ட பாதி இங்கிலீஷ். வீட்டுக்கு வெளிய ஒரு அந்நிய மனுஷர்கிட்ட அவன் முழு வாக்கியமாத் தமிழ் பேசற இடம் இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். போன மாசம் வீட்டுக்கு வந்து, "அம்மா, உள்ளி எங்க?"ன்னு கேட்டான். எனக்கே பூண்டுன்னு புரிய ரெண்டு நிமிஷம் ஆச்சு. இதுக்கு எந்த நாட்டு எல்லையில முத்திரை குத்தி வரி திருப்பித் தருவாங்க?

வர்ற வாரம் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கறித்தூள் எல்லாத்தையும் ஒரே பட்டியலா எழுதி அங்க கொண்டு போய்க் கொடுங்க. மொத்தமா வாங்கினா அவரே பார்த்துப் போட்டுத் தருவார், நீங்க பேரம் பேச வேண்டாம். எங்க கடையில பச்சைக் காய் வர்றது வியாழக்கிழமை மத்தியானம், உங்க பக்கம் என்னைக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க. நல்ல நீளமான பையா எடுத்துட்டுப் போங்க, முருங்கைக்காயை உடைச்சு வைக்க அவருக்கு மனசு வராது.