எதுக்கு வந்தேன்னு யாரும் கேட்கல

ஊட்டிக்கு கார்ல போக 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேணும். வண்டி நம்பர், எத்தனை பேர், எத்தனை நாள்னு கேட்கும். செகண்ட் இயர் முடிஞ்ச லீவுல நாங்க அஞ்சு பேர் அதையெல்லாம் ஒழுங்கா நிரப்பிட்டுத்தான் மலை ஏறினோம். எங்கள்ல ஒருத்தன் எதுக்கு வந்தான்னு மட்டும் யாரும் கேட்கல.

அவன் அப்பா இறந்து நாலு மாசம் ஆகியிருந்தது. கோத்தகிரி பக்கம் ஒரு காட்டேஜ்ல, யாரோ கொடுத்த காளானை ராத்திரி சாப்பிட்டான். "செம்மயா இருக்கும் மச்சி." மொத்த ப்ரிப்பரேஷனும் அந்த ஒரு வரிதான். கொஞ்ச நேரத்துல சுவரோரம் உட்கார்ந்து, ஐசியூ கதவைத் திறக்கச் சொல்லி அழ ஆரம்பிச்சான். ஒருத்தன் வீடியோ எடுத்தான். நான் தண்ணி கொடுத்தேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல.

அந்த வகைக் காளான்ல இருக்கிற சைலோசைபினை, மத்த மருந்துக்கு அடங்காத டிப்ரஷனுக்கு ஆஸ்திரேலியாவுல 2023 ஜூலையிலிருந்து அனுமதி வாங்கின சைக்கியாட்ரிஸ்ட்டுகள் கொடுக்கலாம். இங்க 1985-ம் வருஷத்து என்டிபிஎஸ் சட்டப்படி அது குற்றம். சட்டத்தை மாத்துங்கன்னு நான் எழுத வரல. அந்த சிகிச்சைக்கு ஆளை எப்படித் தயார் பண்றாங்கன்னு படிச்சப்போதான் எனக்கு உறைச்சது.

மருந்து கொடுக்கிற நாளுக்கு முன்னாடியே பல மணி நேரம் பேச்சு. உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார் இருந்தா பெரும்பாலான ஆய்வுகள்ல சேர்க்கவே மாட்டாங்க. அப்புறம் அந்தக் கேள்வி: எதுக்கு வந்திருக்கீங்க? அதுக்கான பதிலைத்தான் இன்டென்ஷன்னு சொல்றாங்க. அர்ச்சனைக்கு முன்னாடி பேர், நட்சத்திரம் சொல்லி சங்கல்பம் பண்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஆனா வேண்டுதல்ல நாம ரிசல்ட் கேட்போம், இங்க ரிசல்ட் கேட்டா சிக்கல். "இன்னைக்கே என் டிப்ரஷன் போகணும்"னு போறவர், போகலைன்னா இன்னும் உடைஞ்சிடுவார். "அப்பாவை நினைச்சா எனக்கு ஏன் கோபம் வருதுன்னு பார்க்கணும்"னு போறவருக்கு அன்னைக்கு எது வந்தாலும் பார்க்க ஏதோ இருக்கும்.

அதை விட முக்கியம், அந்தப் பதில் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியும். ரீல்ஸ்ல காட்டுற மாதிரி டைரியில அழகா எழுதி மூடி வைக்கிற சமாச்சாரம் இல்ல இது. இன்டென்ஷன்ங்கிறது இன்னொரு மனுஷன்கிட்ட சொல்றதுன்னுதான் நான் நினைக்கிறேன். அவன் ஐசியூ கதவைத் தட்டினப்போ, அது எந்தக் கதவுன்னு எங்க நாலு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

"அப்போ நாங்களே இன்டென்ஷன் வச்சுட்டு ட்ரை பண்றோம்"னு கிளம்பிடாதீங்க. காட்டுக் காளான்ல ஈரலையே காலி பண்ற விஷ வகையும் உண்டு. நல்ல எண்ணத்தோட சாப்பிட்டேன்னு சொன்னா அதுக்குப் புரியாது.

அவன் இப்போ ஒரு கவுன்சிலர்கிட்ட போறான். முதல் நாளே அதே கேள்வியாம், பதில் சொல்ல மூணு செஷன் ஆச்சாம். (உங்களுக்கோ ஃப்ரெண்டுக்கோ தேவைப்பட்டா டெலிமானஸ், 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.) அந்த வீடியோவை டெலீட் பண்ண வச்சோம்.

போன மாசம் மறுபடி ஊட்டி ப்ளான் வந்தப்போ அவனும் வர்றேன்னான். இந்தத் தடவை கேட்டேன், எதுக்குடான்னு. சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்த மலை ரயில்ல போகணுமாம். மேட்டுப்பாளையத்துல காலையில 7.10-க்கு வண்டி. டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்லதான் இருக்கு.