பசுமை முத்திரைக்கு அடியில் ஒரு தொட்டி

2025 மே மாதம், பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூவர் நச்சுவாயு தாக்கி மாண்டனர். உலகச் சந்தையில் தன்னைப் 'பசுமை நகரம்' என்று விற்கும் திருப்பூர் வட்டாரத்தில்தான் இது நடந்தது.

இந்தப் பசுமை முதலாளிகளின் கருணையால் வந்ததல்ல. சாயக்கழிவு நொய்யலைக் கொன்று, ஒரத்துப்பாளையம் அணையை நஞ்சுக் குட்டையாக்கிய பிறகு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 சனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக்கூடாது என்பதே மீண்டும் திறப்பதற்கான நிபந்தனை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பொதுப்பணம் போன இடத்தில், பலன் யாருக்கு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வாய்ப்பு இல்லாமல் இல்லை. கட்டிங் வேஸ்ட்டை நிறம் பிரித்து, பஞ்சாக்கி, ஓ.இ. மில்லில் மீண்டும் நூலாக்குகிறார்கள். புதிதாகச் சாயமிட வேண்டியதில்லை, தண்ணீரும் மிச்சம். ஐரோப்பிய நிறுவனங்கள் இந்த நூலைக் கேட்டு வாங்குகின்றன. ஆனால் வேஸ்ட் பிரிக்கும் கைகளில் எத்தனை கைகள் மில்லுக்கு உரிமையாளர் ஆகின்றன?

திருப்பூரில் கவுண்டர் உழைப்பாளிகள் முதலாளிகளான கதையை ஆய்வாளர் சரத் சாரி 2004இல் நூலாகவே எழுதினார். உழைத்து முன்னேறினார்கள் என்பது பாதி உண்மைதான். கடனுக்கும் கூட்டுக்கும் ஆர்டருக்கும் சாதிச் சொந்தம் துணை நின்றது என்பது மீதி. அந்தச் சொந்தம் இல்லாதவர் எவ்வளவு உழைத்தாலும் கூலிதான்.

அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டம் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மானியம் தருகிறது. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வரவேற்போம். ஆனால் மானியம் ஆர்டர் வாங்கித் தராது. குடோனை வாடகைக்குப் பிடித்துத் தராது.

2024இல் சென்னையில் தூய்மைப் பணியாளர்களையே கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்களின் உரிமையாளர்களாக்கினார்கள். அதைத் திருப்பூரின் சாயத் தொட்டிகளுக்கும் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத்தை அந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுக்கே கொடுக்க வேண்டும். மறுசுழற்சித் தொழிற்கூடங்களில் அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் தணிக்கையாளர்கள் தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது. தொட்டியில் இறங்கியது யார் என்றும் கேட்க வேண்டும்.

நொய்யலுக்கு நீதி கேட்டது சரி. அந்தத் தொட்டிக்குள் மூச்சு நின்றவர்களுக்கும் அதே நீதிதான் வேண்டும்.